மலைமேல் மூன்று பெட்டி: குபர்நெட்டிஸ் கிளஸ்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இந்தப் பக்கம் எதற்கு?

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றின் பச்சைத் தேயிலை எடைக் கணக்கும், பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்டர்நெட் இல்லாமலே படிக்கிற விக்கிப்பீடியா பிரதியும் மூன்று பழைய மினி கம்ப்யூட்டர்களில் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்தான். "அண்ணா, இதை எப்படிப் போட்டீங்க?" என்று ஊட்டி, குன்னூர், கூடலூரிலிருந்தெல்லாம் போன் வருகிறது. ஒரே பதிலை இருபது தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்றுதான் இது.

குபர்நெட்டிஸ் என்ன செய்கிறது? ஒரு வரியில் சொல்லுங்களேன்.

ஒரு வரியில் முடியாது, ஒரு தேயிலைக் காட்டை வைத்துச் சொல்கிறேன். "நாலாம் நம்பர் காட்டில் ஆறு பேர் கொழுந்து பறிக்கணும்" என்று காலையில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள். பத்து மணிக்கு ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மேஸ்திரி வேறொருவரை அனுப்புகிறார், யாரை அனுப்பினார் என்பது உங்களுக்குத் தெரியவே வேண்டாம், எப்போது போய்ப் பார்த்தாலும் ஆறு பேர் இருப்பார்கள். குபர்நெட்டிஸ் அந்த மேஸ்திரி. பறிக்கிறவர்கள் கன்டெய்னர்கள் (தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கட்டிக்கொண்டு ஓடும் புரோகிராம்கள்), காடுகள் உங்கள் கம்ப்யூட்டர்கள், அவை எல்லாம் சேர்ந்ததுதான் கிளஸ்டர். கூகுள் 2014இல் வெளியிட்டது, 2015இல் முதல் முழுப் பதிப்பு வந்தது, பெயர் கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும். முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தது.

எனக்கு அது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. உங்களிடம் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு புரோகிராமும்தான் இருக்கின்றன என்றால் ஒரே கம்ப்யூட்டரில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கம்போஸ் போதும், நிம்மதியாக இருங்கள். நான் இதற்குள் வந்ததற்குக் காரணம் வேறு. சீசனில் கொழுந்து வரத்து கூடும்போது எடைக் கணக்கு அரை நாள் நின்றாலும் குழுவில் சண்டை வந்துவிடும், பெட்டிகளோ பழசு, எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒன்று போனாலும் மற்ற இரண்டும் தாங்க வேண்டும். இப்படி ஒரு கட்டாயம் இல்லாமல் ஆசைக்காகப் போடுகிறீர்கள் என்றால் அதுவும் சரிதான், ஆனால் அது ஆசைக்காக என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

டிக்ளரேட்டிவ், டிக்ளரேட்டிவ் என்கிறார்களே, அது என்ன?

"இதைச் செய், அப்புறம் அதைச் செய்" என்று எழுதினால் அது ஸ்கிரிப்ட். "கடைசியில் இப்படி இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது டிக்ளரேட்டிவ். நான் முதலில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் ஒரு கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் இரண்டு வரி சேர்க்கும். நடுவில் நெட் போனதால் மறுபடி ஓட்டினேன், அந்த இரண்டு வரி நான்கு வரி ஆனது, மூன்றாம் தடவை ஆறு. டிக்ளரேட்டிவ் கருவி அந்த வரிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கும், இருந்தால் சும்மா இருக்கும். எத்தனை தடவை ஓட்டினாலும் முடிவு ஒன்றே.

இதனால் வரும் பெரிய வசதி, கிளஸ்டர் உங்கள் தலைக்குள் இருக்க வேண்டியதில்லை, ஃபைலில் இருக்கும். நான் ஊரில் இல்லாதபோது பெட்டி போய்விட்டால் என் தங்கை மகன் அந்த ஃபைல்களை வைத்து எழுப்பிவிடுவான். எழுப்பியும் இருக்கிறான்.

டெர்ராஃபார்ம் போடுவதா, ஓப்பன்டோஃபு போடுவதா?

ஓப்பன்டோஃபு. இரண்டுமே எந்த மெஷின் வேண்டும் என்று ஃபைலில் எழுதினால் அதை உண்டாக்கித் தரும் டிக்ளரேட்டிவ் கருவிகள். டெர்ராஃபார்ம் பல வருஷம் திறந்த உரிமத்தில் இருந்தது, 2023 ஆகஸ்டில் அதைச் செய்த ஹாஷிகார்ப் நிறுவனம் அதை பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸுக்கு மாற்றியது. உடனே அதன் பழைய நிரலிலிருந்து ஒரு கிளை பிரிந்தது, அடுத்த மாதமே லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தது, 2024 ஜனவரியில் 1.6 பதிப்பாக வெளியானது. அதுதான் ஓப்பன்டோஃபு. நம் மாதிரி ஆட்கள் டெர்ராஃபார்மைப் பயன்படுத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை, புது உரிமம் தடுப்பது அவர்களோடு போட்டிக்கு விற்கிறவர்களைத்தான். ஆனாலும் இலவசம் என்று சொல்லித்தான் குழுவில் ஒப்புதல் வாங்கினேன், நாளைக்கு விதி மாறினால் பதில் சொல்ல வேண்டியவன் நான். தவிர ஓப்பன்டோஃபு 1.7இலிருந்து ஸ்டேட் ஃபைலையே (எதையெல்லாம் உண்டாக்கியது என்று அது குறித்து வைக்கும் ஃபைல்) குறியாக்கம் செய்து வைக்கலாம். ஸ்டேட் ஃபைலுக்குள் பாஸ்வேர்டுகள் அப்படியே எழுத்தாகக் கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதை கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு "ஐயோ" என்று போன் செய்த தம்பி, நீ படிக்கிறாய் என்று தெரியும்.

என்னிடம் கிளவுட் இல்லை, பழைய பெட்டிகள்தான். ஓப்பன்டோஃபு அவற்றை என்ன செய்யும்?

நேராக ஒன்றும் செய்யாது. அது ஏதாவது ஒரு ஏபிஐயிடம் (ஒரு புரோகிராம் இன்னொன்றோடு பேசும் வாசல்) பேசி "ஒரு மெஷின் கொடு" என்று கேட்கிற கருவி. மேசைமேல் உட்கார்ந்திருக்கிற பெட்டியிடம் அப்படிக் கேட்க முடியாது. பெட்டிகளில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரு பெட்டிக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) போட்டால் அதற்குள் விர்ச்சுவல் மெஷின்களை ஓப்பன்டோஃபு உண்டாக்கும், லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் லிப்வர்ட்டுக்கும் புரொவைடர் (ஓப்பன்டோஃபுவை அதனோடு பேச வைக்கும் இணைப்பு) இருக்கிறது. எங்கள் பெட்டிகளில் ஆளுக்கு 8 ஜிபிதான் ராம், விர்ச்சுவல் மெஷினுக்குப் பங்கு போட மனசு வரவில்லை. அதனால் டெபியன் லினக்ஸ், பெட்டிகளை அமைத்துக் கொடுக்க அதன்மேல் ஆன்சிபிள், அதன்மேல் கே3எஸ் என்ற எளிய குபர்நெட்டிஸ். சமவெளியில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வரையும் டொமைன் பெயர்களையும் மட்டும் ஓப்பன்டோஃபு பார்த்துக்கொள்கிறது. ஆன்சிபிள் சுத்தமான டிக்ளரேட்டிவ் இல்லை, வரிசையாகத்தான் ஓடும், ஆனால் அதன் மாட்யூல்கள் பெரும்பாலும் "இருக்கிறதா பார், இல்லையென்றால் செய்" என்ற ரகம். நடைமுறையில் போதும்.

கே3எஸ், கியூப்அட்மின், டாலோஸ்?

மூன்றும் குபர்நெட்டிஸைப் போடும் வழிகள். கே3எஸ் போடுங்கள். 100 எம்பிக்கும் குறைவான ஒரே பைனரி, சர்வருக்கு 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், நெட்வொர்க்குக்கு ஃபிளானல், உள்ளே வரும் டிராஃபிக்குக்கு டிராஃபிக் (Traefik) என்ற பெயரிலேயே ஒன்று, எல்லாம் கூடவே வரும். கியூப்அட்மின் நன்றாகக் கற்றுக்கொடுக்கும், பராமரிக்க வேலை அதிகம்.

டாலோஸ் குபர்நெட்டிஸுக்காகவே செய்த ஒரு லினக்ஸ், அதைப் பற்றி எனக்கு உண்மையான மரியாதை உண்டு. தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் கிடையாது, கட்டளை அடிக்க ஷெல் கிடையாது, யாம்ல் என்ற அமைப்பில் எழுதிய ஒரு ஃபைல்தான் மொத்த மெஷினும். டிக்ளரேட்டிவ் என்றால் இதுதான். ஆனால் மழை நாளில் ராத்திரி பத்து மணிக்குப் பெட்டி முன்னால் மானிட்டரைச் செருகி உட்காரும்போது எனக்குத் தெரிந்த நாலு லினக்ஸ் கட்டளையை அடித்துப் பார்க்க முடிய வேண்டும். அவ்வளவு வயசாகிவிட்டது எனக்கு.

இரண்டு பெட்டி போதாதா? மூன்றுதான் வேண்டுமா?

இரண்டு, ஒன்றைவிட மோசம். கிளஸ்டரின் நினைவு எட்சிடி என்கிற டேட்டாபேஸில் இருக்கிறது, அதில் எதை எழுதினாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தலையாட்ட வேண்டும். இரண்டு பேரில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேருமே. ஆக எந்த ஒன்று போனாலும் மொத்தமும் நிற்கும், கெட்டுப்போக இரண்டு பெட்டி இருக்கிறது என்பதுதான் மிச்சம். மூன்றில் ஒன்று போகலாம், ஐந்தில் இரண்டு. நான்கிலும் ஒன்றுதான், அந்த நாலாவது பெட்டியை வீட்டில் வேறு எதற்காவது வையுங்கள். ஒரே பெட்டிதான் என்றால் கே3எஸ் எட்சிடி இல்லாமல் எஸ்கியூலைட்டிலேயே ஓடும், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எத்தனையானாலும் எட்சிடியை எஸ்டி கார்டில் மட்டும் வைக்காதீர்கள். ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் அது அடுத்த வேலைக்குப் போகும், கார்டு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

அப்படியானால் ஒன்றைக் குன்னூரிலும் ஒன்றைக் கோத்தகிரியிலும் ஒன்றை ஊட்டியிலும் வைக்கலாமே? ஒரு ஊரில் கரண்ட் போனாலும் மற்ற இரண்டும் ஓடுமே?

கேட்க அழகாக இருக்கிறது, நானும் ஆசைப்பட்டேன். எட்சிடி பெட்டிகளில் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கும், அதன் சொந்த வழக்கப்படி அந்தத் தலைவர் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "நான் இருக்கிறேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார், 1000 மில்லிசெகண்ட் சத்தம் இல்லையென்றால் புதுத் தேர்தல். இரண்டு ஊருக்கு நடுவில் லைன் மழையில் விட்டுவிட்டு வரும்போது நாள் முழுக்கத் தேர்தல்தான் நடக்கும், வேலை நடக்காது. இந்த அளவுகளைக் கூட்டி வைக்கலாம், ஆனால் கூட்ட வேண்டிய நிலைமைக்கே போகாதீர்கள். மூன்றும் ஒரே அறையில் இருக்கட்டும். மூன்று ஊருக்கும் வேண்டுமென்றால் மூன்று தனிக் கிளஸ்டர், ஒரே கிட் ரெப்போவிலிருந்து (ஃபைல்களையும் அவற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிடங்கு). ஃபைலில் எழுதி வைத்திருப்பதால் மூன்று போடுவது ஒன்று போடுவதைப்போல மூன்று மடங்கு வேலை இல்லை.

இன்டர்நெட் அறுந்துபோனால் ஓடுமா?

இந்தக் கேள்விக்குத்தான் வெளியே எழுதப்பட்ட கையேடுகள் எதிலும் நமக்கான பதில் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்தால் ரோடும் ஃபைபரும் சேர்ந்தே போகும். 2009 நவம்பர் மழையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஓடும். ஆனால் நின்று மறுபடி எழும்போதுதான் ஒவ்வொன்றும் கீழே எங்கேயோ இருக்கிற ஒரு சர்வரைத் தேடும்.

கன்டெய்னரை எழுப்ப ஒரு மூலப்பிரதி வேண்டும், அதுதான் இமேஜ். இமேஜ் பெயரின் பின்னால் "லேட்டஸ்ட்" என்று எழுதினால், அல்லது ஒன்றுமே எழுதாமல் விட்டால், குபர்நெட்டிஸ் ஒவ்வொரு தடவையும் ரெஜிஸ்ட்ரியில் (நெட்டில் இருக்கும் இமேஜ் கிடங்கு) போய்க் கேட்டுவிட்டுத்தான் தொடங்கும். அதே இமேஜ் உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும், ஆனாலும் "இமேஜ்புல்பேக்ஆஃப்" என்று உட்கார்ந்துவிடும். வீட்டில் அரிசியை வைத்துக்கொண்டு கடை திறக்கவில்லை என்று பட்டினி கிடப்பதுபோல. பதிப்பு எண்ணைப் போட்டு எழுதுங்கள், "இல்லையென்றால் மட்டும் எடு" என்பதுதான் அப்போது வழக்கமான நடத்தை. இன்னொன்று, டிஸ்க் 85 சதவீதம் நிறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் ஓடும் குபர்நெட்டிஸின் ஆளான கியூப்லெட் தானாகவே பயன்படாத இமேஜ்களை அழிக்கும். அது அழித்ததில் நாளைக்கு வேண்டியதும் இருக்கலாம்.

எங்கள் ஏற்பாடு இது: வேண்டிய இமேஜ் எல்லாவற்றையும் டார் ஃபைலாக்கி கே3எஸ்ஸின் ஏஜென்ட் இமேஜ் ஃபோல்டரில் போட்டிருக்கிறோம், அது எழும்போது தானே ஏற்றிக்கொள்ளும். கே3எஸ் பைனரி, டெபியன் பேக்கேஜ்கள், ஓப்பன்டோஃபு புரொவைடர்கள் (இவற்றை மொத்தமாக இறக்கி வைக்க "புரொவைடர்ஸ் மிரர்" என்று அதிலேயே ஒரு கட்டளை உண்டு) எல்லாம் கிளஸ்டரில் சேராத நாலாவது பெட்டியில். கிட் ரெப்போவும் அங்கேதான். கிட் சர்வரைக் கிளஸ்டருக்குள்ளேயே போட்டுவிட்டு, அந்தக் கிட்டிலிருந்துதான் கிளஸ்டர் எழ வேண்டும் என்று வைத்தவர்களை எனக்குத் தெரியும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. அவர்களில் நானும் ஒருவன்.

கரண்ட் போய்ப் போய் வந்தால்?

யூபிஎஸ் வையுங்கள். வைத்தால் மட்டும் போதாது, பேட்டரி தீரும் முன் பெட்டிகளை ஒழுங்காக நிறுத்த "நட்" என்ற இலவச மென்பொருளை ஆன்சிபிளிலேயே எழுதிவிடுங்கள். ஒரு பெட்டி மட்டும் பட்டென்று போனால் அதிலிருந்த பாட்கள் (கன்டெய்னர்களைக் குபர்நெட்டிஸ் கட்டி வைக்கும் சிறு பொட்டலங்கள்) உடனே இடம் மாறாது, வழக்கமாக ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்குப் போன் செய்யாதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று, யாரும் சொல்லாதது. ஒரு நவம்பரில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது, பெட்டிகள் மூன்றும் எழுந்தன, கிளஸ்டர் எழவில்லை. லாகில் திரும்பத் திரும்ப ஒரே வரி: சான்றிதழ் காலாவதியாகிவிட்டது அல்லது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை. சான்றிதழ் என்பது பெட்டிகள் ஒன்றுக்கொன்று காட்டும் அடையாளச் சீட்டு. அந்தச் செய்தி இரண்டையும் ஒரே வாக்கியத்தில்தான் சொல்லும். நான் முதல் பாதியை மட்டும் படித்தேன். கே3எஸ் சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள், ரீஸ்டார்ட் செய்யும்போது நாள் நெருங்கியிருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும், நாம் ரொம்ப நாளாக ரீஸ்டார்ட் செய்யவில்லையே என்று நினைத்து, புதுப்பிக்கிற கட்டளையை நோட்டுப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். எடை போட ஆட்கள் வெளியே குடையோடு நிற்கிறார்கள். பழைய ரசீது புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தபோதுதான் லாகின் இடது ஓரத்தில் இருந்த தேதி கண்ணில் பட்டது. அது அந்த வருஷமே இல்லை.

மூன்றில் இரண்டு பெட்டிகளில் மதர்போர்டின் காசு பேட்டரி (ஆஃப் ஆனாலும் கடிகாரத்தை ஓட்டுவது) செத்துப்போயிருந்தது. கரண்ட் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, சும்மா ஆஃப் செய்து போட்டாலும் நெட் இருந்தால் நேரம் தானே சரியாகிவிடும். இரண்டும் சேர்ந்து இல்லாதபோது கடிகாரம் சான்றிதழ் பிறப்பதற்கு முந்தைய தேதிக்குப் போய்விட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அடித்து ரீஸ்டார்ட் செய்தேன், பத்து நிமிஷத்தில் எல்லாம் எழுந்துவிட்டது.

மறுநாள் சிஆர்2032 பேட்டரி மூன்று வாங்கி மாட்டினேன். ஆன்சிபிளிலும் இரண்டு விஷயம் சேர்த்தேன். நெட் இல்லாதபோது ஒரு பெட்டி மற்றவற்றுக்கு நேரம் சொல்லும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் குரோனி மென்பொருளில் அதற்கு வழி உண்டு. கிட்டில் கடைசியாகப் பதிந்த மாற்றத்தின் தேதியைவிடப் பழைய தேதி கடிகாரத்தில் இருந்தால் கே3எஸ் தொடங்காது, காரணத்தைத் தமிழில் திரையில் சொல்லும். பழைய ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள், பை 4 வரைக்கும் அதில் கடிகார பேட்டரிக்கு இடமே கிடையாது.

ஃப்ளக்ஸா, ஆர்கோ சிடியா?

இரண்டும் நல்லவை, கிட்டில் எழுதியிருப்பதையும் கிளஸ்டரில் இருப்பதையும் ஓயாமல் ஒப்பிட்டுச் சரிசெய்பவை. ஆர்கோவில் பார்க்க அழகான திரை உண்டு, ஃப்ளக்ஸ் எடை குறைவு, நான் ஃப்ளக்ஸ். ஒன்றை மட்டும் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். வரத்து கூடிய ஒரு நாளில் நம் பையன் ஒருவன் எடை புரோகிராமை ஒன்றிலிருந்து மூன்றாகக் கையாலேயே கூட்டினான். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி ஒன்றானது. கூட்டினான், குறைந்தது, கூட்டினான், குறைந்தது. யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்று பயந்து எனக்குப் போன் செய்தான். ஃப்ளக்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது?

குபர்நெட்டிஸ் சீக்ரெட் ஃபைலில் இருப்பது பேஸ்64, அது பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். சாப்ஸ், ஏஜ் என்ற இரண்டு குறியாக்கக் கருவிகளையும் சேர்த்துக் குறியாக்கம் செய்து கிட்டில் வையுங்கள். ஏஜ் சாவியைக் காகிதத்தில் அச்சடித்து வீட்டுப் பீரோவிலும் ஒன்று வையுங்கள்.

பேக்கப்?

கே3எஸ் எட்சிடியோடு ஓடினால் 12 மணி நேரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து எட்சிடியின் பிரதி) தானே எடுத்து ஐந்தை வைத்துக்கொள்ளும். அதே டிஸ்க்கில்தான் வைக்கும், வேறு இடத்துக்கு அனுப்புவது உங்கள் பொறுப்பு. திரும்ப எழுப்ப ஸ்னாப்ஷாட்டோடு பழைய சர்வர் டோக்கனும் (கிளஸ்டரின் ரகசியச் சொல்) வேண்டும், அது இல்லாமல் ஸ்னாப்ஷாட் வீண். இதிலும் உங்கள் எடைக் கணக்கு இருக்காது, எட்சிடியில் இருப்பது கிளஸ்டரின் கணக்கு மட்டும். டேட்டாபேஸைத் தனியாக டம்ப் எடுக்க வேண்டும், நாங்கள் தினம் ராத்திரி எடுக்கிறோம்.

எடுத்து வைத்தது எழும்புமா என்று பாருங்கள். நாங்கள் வருஷத்துக்கு இரண்டு ஞாயிறு கொழுந்து இல்லாத நாளாகப் பார்த்து, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு உபரி பெட்டியை மொத்தமாக அழித்து முதலிலிருந்து எழுப்புகிறோம். முதல் தடவை காலையில் தொடங்கி இருட்டும்வரை ஆனது, பத்து இடத்தில் நெட்டைத் தேடி நின்றது. போன தடவை ஐம்பது நிமிஷம், அதில் டீ குடித்ததும் சேர்த்தி.

அப்கிரேட் எப்போது?

குபர்நெட்டிஸில் வருஷத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாத ஆதரவு. ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குக் குதிக்காதீர்கள், படிப்படியாக ஏறுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதையும் தொடாதீர்கள்.

ஈரம், குளிர், குரங்கு?

குளிர் நல்லது, ஃபேன் ஓய்வெடுக்கும். ஈரம்தான் கெட்டது, அதுவும் ஆஃப் ஆகி ஆறிய பெட்டியில் தண்ணீர் வியர்க்கும், பனிமூட்டமான காலையில் உடனே ஆன் செய்யாமல் கொஞ்ச நேரம் காயவிடுங்கள். இதமான சூட்டுக்கு எலி வரும். குரங்குக்குக் கூரைமேல் போகும் கேபிள் என்றால் ஊஞ்சல், குழாய்க்குள் விட்டு இழுங்கள். இதற்கெல்லாம் யாம்ல் கிடையாது.

காலேஜ் படிக்கிறேன், 4 ஜிபி லேப்டாப்தான். எங்கே தொடங்குவது?

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு நேராக ஒரே நோட் (ஒரே கம்ப்யூட்டர்) கே3எஸ். ஒரு சின்ன வெப் பக்கத்தை இரண்டு பாட்களாக ஓட்டு, ஒன்றை அழி, திரும்ப வருகிறதா பார். அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஃபைலிலிருந்து எழுப்பு. அதற்கப்புறம் கூப்பிடு தம்பி, பேசலாம்.

உங்கள் ஃபைல்களைத் தருவீர்களா?

தருவேன், பாஸ்வேர்டுகளும் டோக்கனும் நீக்கிய பிரதி தயாராக இருக்கிறது, இமேஜ்களோடு சேர்த்து 20 ஜிபிக்குக் கிட்ட வரும். அவ்வளவையும் இங்கிருந்து நெட்டில் அனுப்புவதற்குள் பஸ் பிடித்து நீங்களே வந்துவிடலாம். 32 ஜிபி பென்டிரைவ் கொண்டுவாருங்கள், ஃபேட்32 ஃபார்மேட்டில் வேண்டாம், விக்கிப்பீடியா ஃபைல் 4 ஜிபியைத் தாண்டுவதால் அதில் ஏறாது. போன வாரம் ஒருவர் கூடலூரிலிருந்து வந்து அப்படித்தான் திரும்பிப் போனார்.